விந்தில் உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்... விந்தணு எடுக்கும் சிகிச்சைகள் பற்றி ஒரு விளக்கம்

திருமணமாகி ஓரிரு வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லையென்றால் நம் குடும்பங்களில் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுவது பெண்தான். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் பரிசோதனை என்று அவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் "உங்கள் கணவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்" என்ற பேச்சு வரும்.

அந்த ஒரு டெஸ்ட்டில் விந்தணு 'நில்' என்று வந்துவிட்டால் வீடே நிலைகுலைந்து போகிறது. சிலர் அந்தக் காகிதத்தை மனைவியிடம்கூடக் காட்டாமல் மறைத்து விடுகிறார்கள். சிலர் லேகியம், பவுடர் விளம்பரங்களின் பின்னால் ஓடுகிறார்கள். இன்னும் சில வீடுகளில் உண்மை வெளியே வராமலேயே பழி முழுவதும் பெண்ணின் தலையில் விழுந்து, பேச்சு தலாக் வரை போய்விடுகிறது.

குழந்தையின்மைக்கான காரணங்களை ஆராய்ந்தால் ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. விந்தில் உயிரணுக்களே இல்லாத நிலையை மருத்துவர்கள் 'அசூஸ்பெர்மியா' என்கிறார்கள். பொதுவாக ஆண்களில் 100 பேருக்கு ஒருவரிடமும், குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் 100 பேருக்கு 10 முதல் 15 பேரிடமும் இது காணப்படுகிறது.

விந்தில் அணு இல்லை என்பதற்கும், உடலில் அணு உற்பத்தியே இல்லை என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விந்தணு எங்கே உருவாகிறது?

விரைகளுக்குள் நூல் போன்ற மிக மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. விந்தணுக்கள் இவற்றில்தான் உருவாகின்றன. ஓர் அணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். பிறகு அவை விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் 'எபிடிடிமிஸ்' என்ற சுருள் குழாய்க்குள் வந்து சேர்கின்றன. விரித்து வைத்தால் பல மீட்டர் நீளம் வரக்கூடிய இந்தக் குழாயைக் கடக்கும்போதுதான் அவை நீந்தும் சக்தியைப் பெறுகின்றன. அங்கிருந்து விந்துக்குழாய் வழியாக மேலே சென்று, மற்ற சுரப்பிகளின் திரவத்தோடு கலந்து வெளியே வருகின்றன.

வெளியே வரும் விந்தில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளின் திரவம்தான். விந்தணுக்களின் அளவு அதில் மிகச் சிறியது. எனவே உயிரணு ஒன்றுகூட இல்லாதவருக்கும் விந்து பார்வைக்கு வழக்கம் போலவே இருக்கும். தாம்பத்திய உறவிலும் எந்தக் குறையும் இருக்காது. "எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நான் எதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும்?" என்று கேட்கும் சகோதரர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்மைக்கும் அணு எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டலாம். 'நில்' என்று வந்தால், சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டாவது முறையும் பரிசோதிக்க வேண்டும். அந்தச் சாம்பிளைச் சுழல் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றி, அடியில் படியும் பகுதியையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அப்படித் தேடியபோது ஒரு சில அணுக்களாவது கிடைத்து, அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போனவர்கள் உண்டு.

லேபில் வைத்துச் சாம்பிள் கொடுப்பது பலருக்குக் கூச்சமாகவும், மார்க்க ரீதியாகத் தயக்கமாகவும் இருக்கும். இதற்கு மாற்று வழி இருக்கிறது. மனைவியுடன் இருக்கும்போது, இந்தப் பரிசோதனைக்கென்றே தயாரிக்கப்பட்ட, அணுக்களைக் கொல்லும் மருந்து கலக்காத உறையைப் பயன்படுத்திச் சேகரிக்கலாம். சாதாரணக் கடை உறைகள் இதற்கு உதவாது. வீட்டில் சேகரித்தால், உடல் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்திற்குள் லேபில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலான லேப்களில் இதற்கு வழி சொல்வார்கள்.

இரண்டு வகை: அடைப்பும் உற்பத்திக் குறைவும்

முதல் வகை, அடைப்பு. விரையில் அணுக்கள் நல்ல முறையில் உருவாகின்றன. ஆனால் வரும் வழி அடைபட்டிருக்கிறது. பழைய நோய்த்தொற்று, குடலிறக்க அறுவை சிகிச்சையின்போது ஏற்பட்ட காயம், முன்பு செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சிலருக்குப் பிறவியிலேயே விந்துக்குழாய் இருக்காது. விந்தின் அளவு மிகக் குறைவாக இருப்பது இதற்கு ஓர் அறிகுறி. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற நுரையீரல் நோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் இருக்கும். மனைவிக்கும் அதே மரபணுவில் மாற்றம் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு அந்நோய் வரக்கூடும். எனவே சிகிச்சைக்கு முன் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, உற்பத்திக் குறைவு. வழி திறந்தே இருக்கிறது. ஆனால் விரையில் அணுக்கள் உருவாகவில்லை, அல்லது மிகச் சொற்பமாக உருவாகின்றன. சிறு வயதில் விரை கீழே இறங்காமல் இருந்தது, பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்கியது, விரை முறுக்கிக்கொண்டது, புற்றுநோய்க்கான கீமோதெரபி அல்லது கதிர்வீச்சு, மரபணுக் குறைபாடு எனப் பல காரணங்கள் உண்டு. மரபணுக் காரணங்களில் முக்கியமானது, ஆணுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் 'க்ளைன்ஃபெல்டர்' நிலை. பலருக்கு இது இருப்பதே குழந்தைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

இந்த இரண்டில் எது என்பதை ஆண்களுக்கான சிறுநீரகவியல் நிபுணர், அதாவது யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட், உடலைத் தொட்டுப் பரிசோதித்தும் இரத்தப் பரிசோதனை மூலமும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். விரைகள் இயல்பான அளவில் இருந்து, எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. விரைகள் சிறுத்து, எஃப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் உற்பத்திக் குறைவு. உற்பத்திக் குறைவு என்று தெரிந்தால் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதிகள் உள்ளனவா என்ற பரிசோதனையும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

இந்த ஒய் குரோமோசோம் பரிசோதனையைச் செலவு என்று தள்ளிப் போடாதீர்கள். அதில் ஏ, பி, சி என மூன்று பகுதிகளைப் பார்ப்பார்கள். ஏ அல்லது பி பகுதி முழுவதுமாக இல்லையென்றால் ஆபரேஷன் செய்தாலும் அணு கிடைக்க வாய்ப்பே இல்லை என்றுதான் கருத வேண்டும். சி பகுதி மட்டும் இல்லையென்றால் பலருக்கு அணு கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை தொடரும். ஓர் இரத்தப் பரிசோதனை பலனற்ற ஆபரேஷனிலிருந்து ஒருவரைக் காப்பாற்றிவிடும்.

ஆபரேஷன் தேவைப்படாதவர்கள்

விந்தில் அணு இல்லாத எல்லோருக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை.

- மூளையிலிருந்து வர வேண்டிய ஹார்மோன்கள் சுரக்காததால் விரை வேலை செய்யாமல் இருப்பவர்கள். இவர்களுக்கு அந்த ஹார்மோன்களை ஊசியாகச் சில மாதங்கள் முதல் இரண்டு வருடங்கள் வரை கொடுத்தால் பலருக்கு அணு உற்பத்தி தொடங்கிவிடுகிறது. இயற்கையாகவே கருத்தரிப்பதும் உண்டு.

- டெஸ்டோஸ்டீரான் ஊசி அல்லது ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்காகவும், 'ஆண்மை கூடும்' என்று நம்பியும் இளைஞர்கள் இவற்றைப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரான் வந்தால் மூளை விரைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அணு உற்பத்தியும் நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்திற்குள் மீண்டும் உற்பத்தி தொடங்கும். மருத்துவர் கேட்கும்போது இதை மறைக்காதீர்கள்.

- விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுபவர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய், புரோஸ்டேட் ஆபரேஷன், சில மருந்துகள் இதற்குக் காரணமாகின்றன. உறவுக்குப் பின் வரும் சிறுநீரைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அதிலிருந்தே அணுக்களைப் பிரித்தெடுக்க முடியும்.

- குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் மைக்ரோ அறுவை சிகிச்சையும் ஒரு வழி. அது வெற்றி பெற்றால் இயல்பாகவே குழந்தை பெறலாம்.

விந்தணு எடுக்கும் முறைகள்

இவையெல்லாம் போக, உடலுக்குள்ளிருந்தே அணுவை எடுத்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு ஐந்து முறைகள் இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் குழப்பம் வரும். 'பெசா', 'மெசா' இரண்டும் எபிடிடிமிஸிலிருந்து எடுப்பவை. 'டெசா', 'டெசி', 'மைக்ரோ டெசி' மூன்றும் விரையிலிருந்து எடுப்பவை.

1. பெசா: அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தோல் வழியாக மெல்லிய ஊசியை எபிடிடிமிஸில் செலுத்தித் திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். தையல் கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். அடைப்பு வகைக்கு மட்டுமே பொருந்தும்.

2. மெசா: அறுவை சிகிச்சை மைக்ரோஸ்கோப் உதவியுடன் விரைப்பையைச் சிறிதளவு திறந்து, எபிடிடிமிஸ் குழாயைக் கண்ணால் பார்த்தே அணுக்களை எடுக்கும் முறை. மயக்க மருந்து தேவைப்படும், செலவும் கூடும். ஆனால் நிறைய அணுக்கள் கிடைக்கும் என்பதால் பல முறைக்குப் போதுமான அளவு உறைய வைத்துக்கொள்ளலாம். இதுவும் அடைப்பு வகைக்கே.

3. டெசா: ஊசியை விரைக்குள்ளேயே செலுத்தி உறிஞ்சும் முறை. எபிடிடிமிஸில் கிடைக்காதபோது அடைப்பு வகையினருக்கு இதைச் செய்வார்கள். உற்பத்திக் குறைவு உள்ளவர்களுக்கு ஊசியில் அணு அகப்படும் வாய்ப்பு குறைவு.

4. டெசி: விரைப்பையைச் சிறிதாகத் திறந்து, விரையிலிருந்து சிறு சதைத் துணுக்குகளை வெட்டியெடுத்து லேபில் தேடும் முறை.

5. மைக்ரோ டெசி: உற்பத்திக் குறைவு உள்ளவர்களுக்கான முக்கியமான முறை இது. நியூயார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஷ்லெகல் என்ற மருத்துவர் 1990களின் பிற்பகுதியில் இதை அறிமுகப்படுத்தினார். இத்தகையவர்களின் விரை முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பகுதி வறண்ட நிலம்போல் இருந்தாலும் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். பொதுவான மயக்க மருந்து கொடுத்து, விரையைத் திறந்து, சக்தி வாய்ந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மற்றவற்றைவிடத் தடித்தும் வெண்மையாகவும் தெரியும் குழாய்களை மட்டும் தேர்ந்தெடுத்து எடுப்பார்கள். எடுத்ததை லேப் நிபுணர் அருகிலேயே அமர்ந்து பார்த்துச் சொல்வார். இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரைகூட ஆகும். டெசியைவிடக் குறைவான சதையே எடுக்கப்படுவதால் விரைக்குச் சேதமும் குறைவு.

அடைப்பு வகையினரில் 100 பேரில் 90க்கும் அதிகமானோருக்கு அணு கிடைத்துவிடுகிறது. உற்பத்திக் குறைவு வகையில் மைக்ரோ டெசி செய்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது. இதை ஆரம்பத்திலேயே தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்

ஊசி முறைகளில் ஓரிரு நாள் வலியோடு முடிந்துவிடும். திறந்து செய்யும் முறைகளில் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, ஓரிரு வாரங்கள் கனமான பொருள் தூக்காமலும் உறவைத் தவிர்த்தும் இருப்பது ஆகியவற்றை மருத்துவர் சொல்வார். காய்ச்சல், அதிக வீக்கம், காயத்திலிருந்து சீழ் அல்லது இரத்தம் வந்தால் உடனே போக வேண்டும். மைக்ரோ டெசிக்குப் பின் சிலருக்கு டெஸ்டோஸ்டீரான் அளவு குறையலாம், குறிப்பாக க்ளைன்ஃபெல்டர் நிலை உள்ளவர்களுக்கு. எனவே சில மாதங்களில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தால் குறைந்தது ஆறு மாத இடைவெளி தேவை.

அணு கிடைத்துவிட்டால் குழந்தை கிடைத்துவிட்டதா?

இல்லை. அது முதல் படிதான். இப்படி எடுக்கப்படும் அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, நீந்தும் சக்தியும் குறைவு. அவற்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை பயன் தராது. ஒவ்வொரு கருமுட்டைக்குள்ளும் ஒரேயொரு விந்தணுவை நுண்ணிய ஊசி மூலம் செலுத்தும் 'இக்சி' முறைதான் வேண்டும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவக் குழு 1992-ல் இக்சி மூலம் கருத்தரிப்பு நிகழ்ந்ததை அறிவித்தது. அதன் பிறகுதான் விரையிலிருந்து எடுக்கும் ஒரு சில அணுக்களுக்கும் பயன் கிடைத்தது.

இக்சிக்காக மனைவி ஏறத்தாழ 10 முதல் 12 நாட்கள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். சிலருக்குக் கருப்பை முட்டைப்பைகள் வீங்கி வயிற்றில் நீர் கோர்ப்பதும் உண்டு. குறை கணவரிடம் இருந்தாலும் ஊசியும் வேதனையும் பெரும்பாலும் மனைவிக்குத்தான். இதைக் கணவரும் மாமியார் வீட்டாரும் மனதில் வைக்க வேண்டும். கரு தங்குமா என்பது பெருமளவு மனைவியின் வயதைப் பொறுத்தது. 35 வயதைத் தாண்டும்போது வாய்ப்பு குறையத் தொடங்குகிறது. கணவரின் பரிசோதனையைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு வருடமும் மனைவியின் கணக்கிலிருந்தே கழிகிறது.

மார்க்கத்தின் எல்லை

சோதனைக் குழாய் முறைகள் பற்றி இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் அம்மானில் கூடி ஆராய்ந்தது. நடைமுறையில் உள்ள ஏழு வழிகளை எடுத்துக்கொண்டு ஐந்தைக் கூடாது என்றும், இரண்டைத் தேவை ஏற்படும்போது உரிய கவனத்துடன் செய்யலாம் என்றும் முடிவு சொன்னது. கணவரின் அணுவை மனைவியின் உடலுக்குள் செலுத்துவது ஒன்று. கணவரின் அணுவையும் மனைவியின் முட்டையையும் வெளியில் இணைத்து அதே மனைவியின் கர்ப்பப்பையில் வைப்பது மற்றொன்று. வேறொருவரின் அணு, வேறொருத்தியின் முட்டை, வாடகைத் தாய் ஆகிய மூன்றாம் நபர் நுழையும் வழிகள் அனைத்தும் கூடாதவை. நஸப் எனும் வம்சாவளி கலந்துவிடக் கூடாது என்பதே அடிப்படை.

கணவரின் உடலிலிருந்தே அணுவை எடுத்து மனைவியின் முட்டையோடு சேர்க்கும் சிகிச்சை இந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஆனால் சிகிச்சையின் நடுவே எல்லை மீறும் ஒரு தருணம் வர வாய்ப்பிருக்கிறது.

பல மருத்துவமனைகளில் மனைவிக்கு முட்டை எடுக்கும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ கணவருக்கு அணு எடுக்கும் ஆபரேஷனை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவேளை அணு கிடைக்கவில்லை என்றால்? பத்து நாட்கள் ஊசி போட்டு, பணம் கட்டி, முட்டையும் எடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் "டோனர் சாம்பிள் வைத்துச் செய்து விடலாமா?" என்ற கேள்வி வரும். கணவர் மயக்கத்தில் இருப்பார், மனைவி வலியில் இருப்பார், வெளியே இருக்கும் பெரியவர்களுக்கு விஷயம் புரியாது. முடிவெடுக்கக் கூடாத நேரம் அது.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு.

- உற்பத்திக் குறைவு வகை என்றால், முதலில் கணவருக்கு ஆபரேஷன் செய்து, அணு கிடைத்தால் உறைய வைத்துவிட்டு, அதன் பிறகே மனைவிக்கு ஊசி தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். உறைய வைத்து எடுக்கும்போது சில அணுக்கள் வீணாகும். ஆனால் மனைவி வீணாக ஊசி போடுவது தவிர்க்கப்படும்.

- ஒரே நாளில்தான் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அணு கிடைக்காத பட்சத்தில் என்ன செய்வது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். முட்டைகளை உறைய வைக்கும் வசதி உள்ளதா என்று கேளுங்கள்.

- ஒப்புதல் படிவத்தில் டோனர் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். "வேறு யாருடைய அணுவும் முட்டையும் எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இச்சிகிச்சைகளைச் செய்ய முடியாது. எனவே உங்கள் கையெழுத்துதான் உங்கள் பாதுகாப்பு.

உறைய வைத்த அணுவுக்கும் எல்லை உண்டு. நிக்காஹ் நீடிக்கும்வரைதான் அது மனைவிக்கு உரியது. தலாக் ஆனாலோ கணவர் மரணித்துவிட்டாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. சிகிச்சையின்போது குளிப்பு, தொழுகை, நோன்பு பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சபுராளிக் குடும்பங்களுக்கு

ஒரு வருடம் கருத்தடை இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால்தான் பரிசோதனை தேவை என்பது மருத்துவக் கணக்கு. மனைவியின் வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் வருடத்தில் ஒரு மாத லீவில் வந்து போனால், திருமணமாகி மூன்று வருடம் என்றாலும் சேர்ந்து வாழ்ந்தது மூன்று நான்கு மாதங்கள்தான். "மூன்று வருஷமாச்சு, இன்னும் விசேஷமில்லையா?" என்று மருமகளைக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே குறை இருக்கலாம் என்று தோன்றினால், ஒரு மாத லீவுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. விந்துப் பரிசோதனை இரண்டையும், ஹார்மோன் பரிசோதனைகளையும் இருக்கும் நாட்டிலேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பி வையுங்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். எல்லாம் கையில் இருந்தால் லீவில் ஆபரேஷனைச் செய்து அணுவை உறைய வைக்கலாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். இந்தியச் சட்டம் 10 வருடங்கள் வரை அனுமதிக்கிறது. ஆனால் இக்சி செய்யும்போது இருவரின் சம்மதமும் தேவை என்பதால், பயணத்துக்கு முன்பே படிவங்களைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இச்சட்டப்படி சிகிச்சை பெற மனைவிக்கு 21 முதல் 50 வயதுக்குள்ளும், கணவருக்கு 21 முதல் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். மருத்துவமனை இச்சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- எனக்கு இருப்பது அடைப்பா, உற்பத்திக் குறைவா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
- குரோமோசோம், ஒய் குரோமோசோம் பரிசோதனைகள் எடுத்தாகிவிட்டதா?
- மருந்திலோ வேறு வழியிலோ சரியாக வாய்ப்புண்டா?
- எந்த முறையைச் செய்யப் போகிறீர்கள்? மைக்ரோ டெசி என்றால், செய்பவர் இதில் பயிற்சி பெற்ற யூராலஜிஸ்டா?
- கிடைக்கும் அணுக்களை இங்கேயே உறைய வைக்க முடியுமா? அதற்குக் கட்டணம் தனியா?
- சாம்பிள் மாறாமல் இருக்க லேபில் என்ன ஏற்பாடு செய்கிறீர்கள்?
- அணு கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. புற்றுநோய்க்கான கீமோதெரபி அல்லது கதிர்வீச்சு தொடங்கும் முன், திருமணமாகாதவராக இருந்தாலும், அணுவை உறைய வைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆண் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியும் விரை கீழே இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் சரி செய்தால் பிற்காலத்துக் குறையைப் பெருமளவு குறைக்கலாம்.

இறுதியாக

எல்லா முயற்சிக்குப் பிறகும் அணு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அல்லாஹ்வின் நாட்டம். இப்ராஹீம் நபியும் ஜகரிய்யா நபியும் முதுமை வரை குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள்தாம் என்பதை நாம் அறிவோம். குழந்தை இல்லாததால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது. உறவிலோ ஊரிலோ ஒரு அநாதைக் குழந்தைக்கு, அதன் தந்தை பெயரை மாற்றாமல், உணவும் கல்வியும் அன்பும் கொடுத்து வளர்க்கும் வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் உண்மை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆக வேண்டியது, கணவர் ஒரு நாள் லேபுக்குப் போய்வருவதுதான். மனைவியின் முதல் ஊசிக்கு முன்பே அது நடக்கட்டும். அந்த ரிப்போர்ட்டைக் கணவனும் மனைவியும் சேர்ந்து திறந்து பார்க்கட்டும்.

குழந்தைச் செல்வத்துக்காக ஏங்கும் அனைவருக்கும் அல்லாஹ் ஸாலிஹான சந்ததிகளைத் தந்தருள்வானாக. ஆமீன்.